ஓரத்தில் இருந்த பெயர்

அத்தியாயம் பதினான்கு

போன வாரம் தம்பியை எங்கே விட்டோம்? அச்சகத்து மாடியறையில், ஸ்கேனர் முன்னால், காலரைத் தூக்கி விட்டுக்கொண்டிருந்தான். கட்டடக் காண்டிராக்டர் ஒருவர், பதினெட்டு வருடத்துக்கு முந்தைய செய்தியை நீக்கச் சொல்லி வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருந்தார். "ஒரு வரியைக்கூட எடுக்க முடியாது" என்று தம்பி பதில் போட்டுவிட்டு, அதையே நாலு பேரிடம் சொல்லிச் சொல்லி மகிழ்ந்துகொண்டிருந்தான்.

அப்பா இருபத்திரண்டு வருடம் நடத்திய வாரப் பத்திரிகையை ஒரு பக்கம் விடாமல் இணையத்தில் ஏற்றுவது என்று அவன் கிளம்பியிருக்கிறான். பத்திரிகை நின்று பன்னிரண்டு வருடம் ஆகிறது. அப்பா போய் இரண்டு வருடம்.

அவனுடைய அக்கா, நம் பெரியவள், இணைய ஒழுங்குமுறை அலுவலகத்தில் மனுப் பிரிவில் இருக்கிறாள். அவள் கைப்பையில் ஒரு வாரமாக மாற்றல் உத்தரவு ஒன்று மடித்துக் கிடக்கிறது. தலைமை அலுவலகம், ஒரு ராத்திரி ரயில் தூரம். அம்மாவைத் தனியே விட்டுவிட்டுப் போக வேண்டும். இது நமக்குத் தெரியும். அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை.

இனி, புதன்கிழமை காலை.

மனுப் பிரிவில் பதினோரு மேஜைகள். ஒவ்வொரு மேஜையிலும் ஒரு திரை, திரையில் வரிசையாக மனுக்கள். யாரோ ஒருவருடைய பழைய படம், யாரோ ஒருத்தியின் வீட்டு முகவரி, யாரைப் பற்றியோ யாரோ எழுதியது. எடு, எடு, எடு என்று நாள் முழுக்கக் கெஞ்சல். மனு போட்டவரின் பெயர் மேல் ஒரு கறுப்புப் பட்டை இருக்கும். பிரிவில் வேலை செய்கிறவர்களுக்கும் அது தெரியாது, எண் மட்டும்தான்.

பத்து நாற்பதுக்குப் பெரியவள் அன்றைய ஒன்பதாவது மனுவைத் திறந்தாள். திறந்தவள் டீயைக் கீழே வைத்தாள்.

இணையதளத்தின் பெயர், அப்பாவின் பத்திரிகைப் பெயர்.

பக்கம் ஏழு, இரண்டாவது கடிதம். கோரிக்கை: முழுப் பக்கத்தையும் நீக்குக. மூன்று அறிவிப்புகள் போயிருக்கின்றன, ஒன்றுக்கும் பதில் இல்லை. இன்று மாலை ஐந்து மணிக்குள் பதில் வராவிட்டால் தளம் முழுக்கத் தானாகவே முடங்கும்.

காரணம் என்ற இடத்தில் எல்லோரும் ஒரு பக்கம் எழுதுவார்கள். சில பேர் அழுதுகொண்டே எழுதியது தெரியும். இந்த மனுவில் ஒரே வரிதான் இருந்தது.

"அது என்னுடையது."

பெரியவள் எழுந்து நேராகக் கண்ணாடி அறைக்குப் போனாள். உள்ளே இருக்கும் மேலதிகாரிக்குப் பிரிவில் சுற்றறிக்கை என்று பெயர். அந்த அம்மாள் நலம் விசாரித்தாலும் அப்படித்தான் இருக்கும்.

"மேடம், இது என் தம்பியோட சைட். நான் பார்க்கக் கூடாது."

"சரி. கோப்பு உங்களிடமிருந்து எடுத்துக்கொள்ளப்படுகிறது."

"அஞ்சு மணிக்கு மூடிடுமா மேடம்?"

"பதில் வராத பட்சத்தில் மூடப்படும்." சுற்றறிக்கை கண்ணாடியைக் கழற்றினாள். அப்புறம் சாதாரண மனுஷியாகவே பேசினாள். "அரை நாள் லீவு எழுதிக் குடுத்துட்டுப் போம்மா. வந்த மெயிலைத் திறந்து படிடான்னு அக்கா தம்பிகிட்ட சொல்றது ஒண்ணும் குத்தமில்ல."

அச்சகம் இருந்த கட்டடத்தில் இப்போது கீழே ஜெராக்ஸ் கடை. மாடிப்படியில் ஏறும்போது ஏழாவது படி மட்டும் கொஞ்சம் உயரம். பள்ளிக்கூடம் விட்டு ஓடிவரும்போதெல்லாம் அந்தப் படியில்தான் பெரியவள் முழங்காலைத் தேய்த்துக்கொள்வாள். மேலே அப்பா அச்சு மையும் கையுமாக வந்து, "படி மேல தப்பா, கால் மேல தப்பா, நாளைக்குப் பேப்பர்ல போட்டுடலாம்" என்பார். இன்றும் ஏழாவது படியில் கால் தானாகவே உயர்ந்தது.

"கவர்மெண்டு வந்திருக்கு. நான் எழுந்து நிக்கணுமா?" என்றான் தம்பி.

"மெயிலைத் தொறந்தியா?"

"எந்த மெயிலு?"

"எங்க ஆபீஸ்லேர்ந்து வந்தது. ஒண்ணில்ல, மூணு."

"உங்க ஆபீஸ் மெயிலுக்குன்னு தனியா ஒரு இடம் ஒதுக்கியிருக்கேங்கா. வாய்ப்பூட்டுன்னு பேரு. வந்ததும் நேரா அதுக்குள்ள போயிடும். நான் பார்க்கறதே இல்ல."

"அஞ்சு மணிக்கு உன் சைட்டையே மூடப் போறாங்கடா!"

தம்பியின் முகம் ஒரு கணம் வெளுத்தது. உடனே சிவந்தது. இருபத்திரண்டு தொகுப்புகளில் பத்தொன்பதை ஏற்றி முடித்திருக்கிறான். எட்டு மாத உழைப்பு.

"யாரு? அந்தக் காண்டிராக்டரா?"

"தெரியாது. எனக்கும் தெரியாது, தெரிஞ்சாலும் சொல்லக் கூடாது. ஏதோ ஒரு லெட்டர். ஒரே ஒரு பக்கம். அதை எடுத்துடு, அப்புறமா சண்டை போடு."

"எடுக்க மாட்டேன்."

"டேய்!"

"இன்னிக்கு ஒரு பக்கம், நாளைக்கு ஒரு தொகுப்பு. யாருன்னே தெரியாதவன் எடுன்னா எடுத்துடணுமா? அப்பா கோர்ட்டுல காலையிலேர்ந்து சாயந்தரம் வரைக்கும் நின்னாரே, ஞாபகம் இருக்கா? சாக்கடையப் பத்தி லெட்டர் எழுதினது யாருன்னு மாத்தி மாத்திக் கேட்டாங்க. வாயத் தொறந்தாரா?"

"தொறக்கல. எதைச் சொல்லல அவரு? பேரை! லெட்டரைத்தான் கொட்டை எழுத்துல போட்டாரே. பேரைத்தான் சொல்லல. ரெண்டும் ஒண்ணாடா?"

"நான் மட்டும் யார் பேரைப் போட்டேன்?"

"மொதல்ல அந்தப் பக்கத்தத் தொற."

தம்பி முனகிக்கொண்டே திறந்தான். முப்பது வருடத்துக்கு முந்தைய இதழ். பக்கம் ஏழு என்றால் வாசகர் பகுதி, 'சொல்ல நினைத்தது'. பெயர் போட விரும்பாதவர்கள் எழுதுவது. ஊரில் பாதிப் பேர் பத்திரிகையைப் பின்னாலிருந்து திருப்பி முதலில் இதைத்தான் படிப்பார்கள்.

இரண்டாவது கடிதத்தைப் பெரியவள் சத்தமாகப் படித்தாள்.

"ஆசிரியர் அவர்களுக்கு, பேச்சுரிமை பற்றிப் போன வாரம் நீங்கள் எழுதிய தலையங்கம் படித்தேன். நன்றாக இருந்தது. என் கணவருக்கும் இதே கொள்கைதான். யார் வாயையும் யாரும் அடைக்கக் கூடாது என்பார். வீட்டில் என் வாயையும் அவர் அடைப்பதில்லை. நான் பேச ஆரம்பித்ததும் பேப்பரை விரித்துக்கொள்வார், அவ்வளவுதான். பேப்பருக்குப் பின்னாலிருந்து 'ம்' என்று ஒரு சத்தம் வரும். நான் பார்க்கும் வேலையில் நாள் முழுக்க மற்றவர்கள் பேசுவதுதான் என் காதில் விழுகிறது. நான் பேசுவதைக் கேட்க வீட்டில் ஒரு காதில்லை. கேட்க ஆளில்லாத வீட்டில் பேச்சுரிமையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்யட்டும்? இதற்கு ஏதாவது சட்டம் உண்டா? இப்படிக்கு, ஒரு வாசகி."

"அட்டகாசம்!" என்றான் தம்பி. "இதைப் போயி எடுக்கச் சொல்றாங்களா? பேரே இல்லையே இதுல?"

பெரியவளின் கண் கடிதத்தைத் தாண்டி, பக்கத்தின் ஓரத்துக்குப் போயிருந்தது.

அச்சுக்கு வெளியே, வெள்ளை ஓரத்தில், மேலிருந்து கீழாக, சாய்வான பென்சில் எழுத்து. அப்பாவின் எழுத்து.

எழுதியிருந்தது அம்மாவின் பெயர்.

இந்த இடத்தில் ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். பெயர் போடாத கடிதம் வந்தால், எழுதியது யார் என்று ஆசிரியருக்காவது தெரிந்திருக்க வேண்டும் என்பது அப்பா வைத்திருந்த விதி. நாளைக்கு வழக்கு என்று வந்தால் நிற்கப் போவது அவர்தானே. அதனால் இதழ் வந்ததும் அலுவலகப் பிரதியை எடுத்து, ஒவ்வொரு கடிதத்துக்கும் பக்கத்தில் உண்மைப் பெயரைப் பென்சிலால் எழுதிவைப்பார். பேனாவால் எழுத மாட்டார். சட்டைப் பையில் எப்போதும் ஒரு ரப்பர் இருக்கும். யாராவது தேடிக்கொண்டு வந்தால், அவர்கள் மாடிப்படி ஏறுவதற்குள் அழித்துவிடலாம். ரப்பர் குறுக்கெழுத்துப் போட்டிக்கு என்றுதான் பிள்ளைகள் வெகு காலம் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

அப்பாவின் சட்டையில் முகம் புதைத்தால் அந்த ரப்பர் வாசனைதான் அடிக்கும். பெரியவளுக்கு இன்றும் கடைகளில் புது ரப்பரைப் பார்த்தால் எடுத்து மோந்து பார்க்காமல் நகர முடியாது.

"எப்படிடா இது வந்துச்சு?"

"நூலகத்துல இருந்த தொகுப்பு கிழிஞ்சு போச்சுக்கா. அதனால ஆபீஸ் பிரதியத்தான் ஸ்கேன் பண்ணேன்." தம்பியின் குரல் இறங்கிவிட்டது. "மங்கின எழுத்தையெல்லாம் அழுத்தமாக்குற வசதி ஒண்ணு இருக்கு. அதைப் போட்டேன். கையெழுத்தையும் படிச்சுத் தேடுறதுல சேர்த்துடும். ரொம்பப் பெருமையா இருந்துச்சு."

"அப்போ மத்தவங்க பேரெல்லாம்?"

தம்பி பதறிப் போய் பக்கம் பக்கமாகத் தள்ளினான். ஏழாம் பக்கங்களாகத் தேடித் தேடிப் பார்த்தான். ஒவ்வொரு ஓரத்திலும் சாம்பல் பூசினாற்போல் ஒரு தேய்ப்பு. ஒரு எழுத்துகூடத் தெரியவில்லை. அவன் நெற்றியைத் துடைத்துக்கொண்டான்.

"எல்லாம் அழிச்சிருக்குக்கா."

பெரியவளுக்கு நினைவு வந்தது. பத்திரிகை நின்ற மாதம். அப்பா தொகுப்புகளையெல்லாம் வீட்டுக்குக் கொண்டுவந்து, சாப்பாட்டு மேஜையில் அடுக்கி, நாள் தவறாமல் குனிந்து உட்கார்ந்திருந்தார். என்னப்பா பண்றீங்க என்றால், "தூசி தட்றேன்" என்பார். மேஜை முழுக்க ரப்பர் தூள். அம்மா தினமும் திட்டிக்கொண்டே பெருக்கி அள்ளுவாள். பத்திரிகை போன துக்கத்தில் மனுஷனுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று இவர்கள் இரண்டு பேரும் கவலைப்பட்டார்கள். அவரோ தன்னை நம்பி எழுதிய அத்தனை பேரையும் ஒவ்வொருவராகப் பத்திரமாக வழியனுப்பிக்கொண்டிருந்திருக்கிறார்.

"எல்லாரையும் அழிச்சவரு அம்மாவ மட்டும் ஏன் விட்டாரு?" என்றான் தம்பி.

மணி மூன்று பத்து.

அம்மா வாசல் கதவைத் திறந்தபோது, தொகுப்பை மார்போடு அணைத்துக்கொண்டு மகனும், அலுவலக நேரத்தில் மகளும் நின்றார்கள். அம்மாவுக்கு உடனே புரிந்துவிட்டது. முப்பத்தொரு வருடம் தொலைபேசி நிலையத்தில் காதில் கருவி மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள். 'ஹலோ' என்கிற ஒரு சொல்லிலேயே வீட்டில் சாவா, பிரசவமா என்று சொல்லிவிடுவாள். ஆனால் எந்த வீட்டுப் பேச்சையும் வெளியே சொன்னதில்லை. ஓய்வு பெற்று இத்தனை வருடமாகியும் ஒரு வார்த்தை வாங்க முடியாது. எப்போது கூப்பிட்டாலும் வேறு யாருடனோ பேசிக்கொண்டிருக்கும் மகனுக்கு எங்கேஜ்டு என்று பெயர் வைத்தவளும் அவள்தான்.

"எங்கேஜ்டுக்கு இன்னிக்குத்தான் லைன் கெடச்சுதா?" என்றாள்.

"அம்மா... மனு போட்டது நீயா?"

"மனு போடுறவங்க பேரு யாருக்கும் தெரியாதுன்னு உங்கக்காதானே பெருமையா சொன்னா?" அம்மா மகளைப் பார்த்தாள்.

"ஆபீஸ்ல தெரியலம்மா. பக்கத்தப் பார்த்தோம்."

அம்மா நாற்காலியில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் புடவைத் தலைப்பை நீவிக்கொண்டிருந்தாள்.

"என்கூட எக்ஸ்சேஞ்சுல இருந்தவ, என் புது நம்பர் வேணும்னு என் பேரைப் போட்டுத் தேடியிருக்கா. இதுதான் வந்துச்சாம். எனக்கே போன் பண்ணி, வாசிச்சுக் காட்டி, விழுந்து விழுந்து சிரிக்கிறா."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா," என்றான் தம்பி.

"சொன்னா நீ படிப்ப. படிச்சா உங்கப்பாவ நீ என்ன நெனைப்ப? ஊருக்கு ஒரு பேச்சு, வீட்டுக்கு ஒரு பேச்சுன்னு நெனைக்க மாட்ட? நீ அவரத் தலையில தூக்கி வெச்சு ஆடிட்டிருக்க. நான் எதுக்குடா எறக்கி வைக்கணும்?"

பெரியவள் மெல்லக் கேட்டாள்.

"அம்மா, நான் ரெண்டாவது படிக்கும்போதுதானே இது? அப்புறம்தானே அப்பா அந்த 'சொல்லு' ஆரம்பிச்சார்?"

அந்த 'சொல்லு' இந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அம்மா வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றியதும், அப்பா கையிலிருக்கும் பேப்பரை நாலாக மடிப்பார். மடித்து நாற்காலியில் போட்டு, அதன் மேலேயே உட்கார்ந்துகொள்வார். உட்கார்ந்து, "சொல்லு" என்பார். ஃபேன் காற்றில் பேப்பர் பறக்காமலிருக்க அப்படிச் செய்கிறார் என்று பிள்ளைகள் நினைத்தார்கள். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, ஆஸ்பத்திரியில் கடைசியாகப் படுத்திருந்தபோதும், பேப்பரை மடித்து முதுகுக்குக் கீழே செருகிக்கொண்டு "சொல்லு" என்றார்.

"யாரோ ஒருத்தி எழுதினான்னு படிச்சுத் திருந்திட்டாருன்னு நெனைச்சேன்," என்றாள் அம்மா. "கையெழுத்த மாத்தி, வேற தெருவுல போய் போஸ்ட் பண்ணேன். பேரும் இல்ல, விலாசமும் இல்ல. சாமர்த்தியமா ஏமாத்திட்டோம்னு எனக்குள்ளயே எத்தனை தடவ சிரிச்சிருப்பேன் தெரியுமா? அந்த மனுஷன் அன்னிக்கே தெரிஞ்சுக்கிட்டாரு. தெரிஞ்சும் தன்னைத் திட்டுன லெட்டர ஒரு எழுத்து வெட்டாமப் போட்டிருக்காரு. போட்டுட்டு, கடைசி வரைக்கும் மூச்சு விடல."

கண்ணைத் துடைத்துக்கொண்டாள். துடைத்துக்கொண்டே சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு.

"யாரு யாரை ஏமாத்தினது, பாரு."

மணி நாலு இருபது. தம்பி மடிக்கணினியைத் திறந்தான்.

"அம்மா, இப்பவே பக்கத்த முழுசா எடுத்துடறேன்."

"எடுக்கச் சொன்னது யாரு?"

"நீதானேம்மா! முழுப் பக்கத்தையும் நீக்குன்னு போட்டிருக்கியே?"

"அந்தப் பாரத்துல அந்த ஒரு கட்டம்தான் இருந்துச்சு. பேர மட்டும் எடுன்னு கட்டமே இல்ல. நான் என்ன பண்ண?" அம்மா மகளிடம் திரும்பினாள். "உங்க ஆபீஸ்ல போய்ச் சொல்லு, ஒரு கட்டம் சேர்க்கச் சொல்லு. நான் எழுதினது பொய்யா? அன்னிக்கு அது உண்மை. அது அப்படியே இருக்கட்டும். பேருதான் என்னுது."

தம்பி தலையாட்டினான். அழுத்தமாக்கும் வசதியை நிறுத்தி, ஏழாம் பக்கத்தை ஓரம் வெட்டி மறுபடி ஏற்றினான். அப்படியே எல்லா ஏழாம் பக்கங்களின் ஓரத்தையும் வெட்டச் சொல்லிக் கட்டளை கொடுத்தான். 'வாய்ப்பூட்டு'க்குள் கிடந்த மெயிலை முதல் முறையாகத் திறந்து படித்தான். படித்த வரைக்கும் அதில் யாரும் யார் வாயையும் பூட்டச் சொல்லவில்லை. பெயரை எடுத்தாயிற்று என்று பதில் அனுப்பினான். கேட்டது முழுப் பக்கம், எடுத்தது பெயர் மட்டும் என்பதால், ஐந்து மணிக்குள் மனுதாரரும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

அம்மாவின் போனில் கேள்வி வந்தது. குறை தீர்ந்ததா? அம்மா 'ஆம்' என்பதை அழுத்தினாள். உடனே ஆறு இலக்க எண் கேட்டது.

"நான்தான்னு நானே நிரூபிக்கணுமா? நல்லா இருக்குடி உங்க ஆபீஸ்!"

"அடிம்மா, சீக்கிரம், மணி நாலு அம்பத்தாறு!"

"கத்தாத. எண்ணுல எனக்கா தப்பு வரும்? ஒரு நாளைக்கு எத்தனை நம்பர் போட்டிருப்பேன்!" ஆறு எண்ணையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அழுத்தினாள். ஐந்துக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது மனு முடிந்தது என்று வந்தது. தம்பி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

கொஞ்சம் மூச்சு வந்ததும் சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்து அம்மாவிடம் நீட்டினான். அப்பாவின் ரப்பர். ஒரு பக்கம் தேய்ந்து சரிந்து, விரல் பதிந்த குழியோடு.

"ஸ்கேனர் பக்கத்துலதான் வெச்சிருந்தேன். இந்தப் புஸ்தகத்துலயும் அழிச்சிடும்மா."

அம்மா ரப்பரை வாங்கினாள். தொகுப்பை மடியில் வைத்து ஏழாம் பக்கத்தைத் திறந்தாள். சாய்ந்த எழுத்தின் மேல் ரப்பரைக் கொண்டுபோனாள். அங்கேயே கை நின்றது.

"ரப்பர் தூளு பெருக்கின கடைசி நாள் கேட்டேன், எல்லாம் முடிஞ்சுதான்னு. முடிஞ்ச மாதிரிதான்னாரு. அதென்ன மாதிரின்னேன். சிரிச்சாரு." அம்மா பக்கத்தைத் தடவினாள். "நான் என்னைக்காவது தொறந்து பார்ப்பேன்னு நெனைச்சிருப்பாரு. நான் பெருக்கித் தள்ளினதோட சரி, ஒரு நாளும் தொறந்து பார்க்கல. இது ஊருக்காக விட்டது இல்லடா. எனக்காக விட்டது."

தொகுப்பை மூடி, ரப்பரை அதன் மேல் வைத்தாள்.

பெரியவள் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு கிளம்ப எழுந்தாள். கைப்பையை எடுத்து வழக்கம்போல் இடுக்கிக்கொண்டாள்.

"உட்காரு," என்றாள் அம்மா.

"நேரமாச்சும்மா."

"ஒரு வாரமா அந்தப் பையக் கக்கத்துலேர்ந்து எறக்காம சுத்தறியே, எனக்குத் தெரியாதுன்னு நெனைச்சியா?"

முக்காலியில் அன்றைய பேப்பர் விரிந்து கிடந்தது. அம்மா அதை எடுத்து நாலாக மடித்தாள். எழுந்து, அப்பாவின் நாற்காலிக்குப் போய், பேப்பரை அதில் போட்டு, மேலே உட்கார்ந்தாள்.

"சொல்லு," என்றாள்.